ஐசானின் கடைசிப் படங்கள்

சூரியனை நெருங்க நெருங்கத்தான் வால்மீன் பிரகாசமாகிறது. அதே நேரத்தில் அது பகல் வெளிச்சத்துக்குள் போய் நம் கண்ணுக்குத் தப்பியும் விடுகிறது. விடிவதற்கு முன் கீழ்வானில் சில நாட்கள் தெரியும். ஒவ்வொரு நாளும் அடிவானத்தை நோக்கித் தாழும். பிறகு ஒரு நாள் காணாது. சூரியனைச் சுற்றிவிட்டு மறுபடி வெளியே வந்தால் உண்டு. வராவிட்டால் அதற்கு என்ன ஆயிற்று என்று சொல்ல ஆளில்லை. வானியல் வரலாற்றின் பெரும்பகுதியில் இந்த நடுப்பகுதி கண்ணுக்குச் சிக்காமலேயே இருந்தது. சூரியனை இடைவிடாமல் பார்த்துக்கொண்டிருக்கும் விண்கலங்கள் வந்த பிறகுதான் அந்தச் சில மணி நேரங்களில் நடப்பது தெரிய ஆரம்பித்தது.

அப்படித் தெரிந்தவற்றில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது ஐசான் வால்மீனின் கதை. 2013 நவம்பர் 28 அன்று அது சூரியனைச் சுற்றியது. பல விண்கலங்கள் பல திசைகளிலிருந்து ஒரே நேரத்தில் அதைப் படம் பிடித்தன. அந்தப் படங்கள் உடனுக்குடன் எல்லோருக்கும் கிடைத்தன. அப்படியிருந்தும் ஒரே இரவில் 'அழிந்துவிட்டது' என்றும் 'பிழைத்துவிட்டது' என்றும் இரண்டு தீர்ப்புகள் வந்தன. படங்கள் பொய் சொல்லவில்லை. எதைப் பார்க்கிறோம் என்பதில்தான் குழப்பம். அந்தப் படங்களை நிதானமாக, ஒன்றன்பின் ஒன்றாகப் படித்தால் நடந்தது விளங்கும்.

முதலில் வால்மீனைப் பற்றிக் கொஞ்சம். 2012 செப்டம்பர் 21 அன்று பெலாரஸைச் சேர்ந்த விதாலி நெவ்ஸ்கி, ரஷ்யாவைச் சேர்ந்த அர்த்யோம் நோவிச்சோனக் இருவரும் இதைக் கண்டுபிடித்தார்கள். வடக்கு காக்கசஸில் கிஸ்லோவோத்ஸ்க் அருகே உள்ள 40 செ.மீ. தொலைநோக்கியில் சிக்கியது. அந்தத் தொலைநோக்கி எந்த வலையமைப்பைச் சேர்ந்ததோ அந்த அமைப்பின் பெயர்ச் சுருக்கம்தான் ஐசான். அப்போது அது வியாழன் கோளுக்கும் அப்பால் இருந்தது. அவ்வளவு தூரத்திலேயே தெரிகிறது, சூரியனை மிக நெருங்கவும் போகிறது என்றதும் 'நூற்றாண்டின் வால்மீன்' என்று பத்திரிகைகள் பட்டம் கட்டிவிட்டன. நிலவைவிடப் பிரகாசமாக இருக்கும் என்றுகூட எழுதினார்கள். வானியலாளர்கள் பலர் அப்போதே எச்சரித்தார்கள். அது யார் காதிலும் ஏறவில்லை.

எச்சரிக்கைக்குக் காரணம் இருந்தது. ஐசான் ஊர்ட் மேகத்திலிருந்து, அதாவது சூரியக் குடும்பத்தின் வெளி விளிம்பிலிருந்து, முதன்முறையாக உள்ளே வருகிற வால்மீன். அப்படிப்பட்டவற்றின் மேற்பரப்பில் எளிதில் ஆவியாகும் பனிகள் இன்னும் தீராமல் இருக்கும். அவை சூரியனுக்கு வெகு தூரத்திலேயே ஆவியாகி, வால்மீனைப் பெரிதாகக் காட்டிவிடும். உள்ளே இருக்கும் உட்கரு அதற்கேற்பப் பெரிதாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. 2013 அக்டோபர் 1 அன்று செவ்வாய்க்கு ஒரு கோடி கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தூரத்தில் ஐசான் கடந்து சென்றது. செவ்வாயைச் சுற்றிக்கொண்டிருந்த விண்கலம் ஒன்று தன் ஹைரைஸ் கேமராவைத் திருப்பி அதைப் படமெடுத்தது. கிடைத்தது சில பிக்சல் வெளிச்சம். அதை வைத்துக் கணக்கிட்டபோது உட்கருவின் அளவு ஒரு கிலோமீட்டருக்குள்தான் இருக்கும் போலத் தெரிந்தது.

ஐசானின் அண்மைப் புள்ளி, அதாவது அது சூரியனை மிக நெருங்கும் இடம், சூரியனின் மையத்திலிருந்து 18.6 லட்சம் கிலோமீட்டர். மேற்பரப்பிலிருந்து கணக்கிட்டால் 12 லட்சம் கிலோமீட்டருக்கும் சற்றுக் குறைவு. அந்த இடத்தில் வெயில் பூமியில் படுவதைப் போல ஆறாயிரம் மடங்குக்கும் மேல். சூரியனின் வட்டம் நமக்குத் தெரிவதைவிட எண்பது மடங்கு அகலமாக வானத்தை அடைத்துக்கொண்டிருக்கும். ஒரு கிலோமீட்டர்கூட இல்லாத பனியும் தூசும் கலந்த ஒரு கட்டி அந்த வெயிலின் ஊடாக நொடிக்கு 377 கிலோமீட்டர் வேகத்தில் போக வேண்டும். ஏழு மணி நேரத்துக்குச் சற்று அதிகமான அவகாசத்தில் சூரியனைப் பாதி வட்டம் சுற்றிவிடும். இவை எல்லாம் முன்கூட்டியே தெரிந்த கணக்குகள். தாங்குமா என்பதற்கு மட்டும் கணக்கு இல்லை.

இனி பார்த்த கருவிகள். வெயிலில் தூரத்தில் வருபவரைப் பார்க்க, கையை உயர்த்திச் சூரியனை மறைத்துக்கொள்கிறோம் அல்லவா? கொரோனாகிராஃப் செய்வதும் அதையேதான். தொலைநோக்கிக்குள் ஒரு மறைதட்டு சூரிய வட்டத்தை மூடிவிடும். சுற்றியிருக்கும் மங்கலான வெளி வளிமண்டலமான கொரோனா தெரியும். 1930-களின் தொடக்கத்தில் பிரான்ஸின் பெர்னார் லியோ இதை உருவாக்கினார். கொரோனாவின் ஒளி சூரிய வட்டத்தின் ஒளியில் ஏறத்தாழப் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான். பூமியின் காற்றில் சிதறும் வெளிச்சமே அதை விழுங்கிவிடும். அதனால் இந்தக் கருவி விண்வெளிக்குப் போன பிறகே முழுப் பயன் தந்தது. 2024 டிசம்பரில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பிஎஸ்எல்வி ஏற்றிச் சென்ற ஐரோப்பியர்களின் புரோபா-3 இந்த யோசனையின் அடுத்த கட்டம்: அதில் மறைதட்டு ஒரு கலத்திலும், கேமரா 150 மீட்டர் தள்ளி இன்னொரு கலத்திலும் பறக்கின்றன.

ஐசானைக் காட்டியது அதற்கெல்லாம் முன்னோடியான சோஹோ. 1995 டிசம்பர் 2 அன்று ஏவப்பட்ட கலம். இரண்டு ஆண்டு வேலைக்கென்று அனுப்பினார்கள். கால் நூற்றாண்டுக்கும் மேலாக உழைத்தது. பூமியிலிருந்து சூரியன் பக்கமாக 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி நிற்பதால் அதற்கு இரவு என்பதே கிடையாது. அதிலுள்ள லாஸ்கோ என்ற கருவித் தொகுப்பில் சி-2, சி-3 என்ற இரண்டு கொரோனாகிராஃப்கள்தான் நமக்கு வேண்டியவை. சி-2 படங்களுக்குச் சிவப்பும் சி-3 படங்களுக்கு நீலமும் பூசியிருப்பார்கள். அது அடையாளத்துக்கான சாயம், வால்மீனின் நிறமில்லை. சி-2 சூரியனுக்கு அருகே மட்டும் பார்க்கும். சி-3-இன் பார்வை அகலம்: ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நாலரைக் கோடி கிலோமீட்டர்.

சி-3 படம் ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டால் சில விஷயங்களைப் பழக வேண்டியிருக்கும். நடுவே கருப்புத் தட்டு. அதற்குள் வரைந்திருக்கும் சிறிய வெள்ளை வட்டம், சூரியன் உண்மையில் எவ்வளவு பெரியது, எங்கே இருக்கிறது என்று காட்டுவது. தட்டிலிருந்து படத்தின் ஒரு மூலைக்கு ஒரு நிழல் கம்பி ஓடும். தட்டைத் தாங்கி நிற்கும் தண்டு அது. 2003-இல் சோஹோவின் ஆன்டெனா ஒரு நிலையில் சிக்கிக்கொண்டதிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒரு முறை கலத்தையே தலைகீழாகத் திருப்பி வந்தார்கள். அதனால் அந்தத் தண்டு சில மாதம் கீழ் மூலையிலும் சில மாதம் எதிர் மேல் மூலையிலும் இருக்கும். திடீர் திடீரென்று தெறிக்கும் வெள்ளைப் புள்ளிகளும் கீறல்களும் காஸ்மிக் கதிர்கள் கேமராவில் மோதிய தடம். அடுத்த படத்தில் இருக்காது. நட்சத்திரங்கள் இடமிருந்து வலமாக நாளுக்கு ஒரு டிகிரி வீதம் நகரும். கோள் ஏதாவது உள்ளே வந்தால் அதன் இருபுறமும் கிடைமட்டமாக ஒரு வெள்ளைக் கோடு நீளும். அளவுக்கு மீறிய ஒளி பட்ட பிக்சலிலிருந்து மின்னூட்டம் பக்கத்துப் பிக்சல்களுக்கு வழிவதால் வருவது அது. இந்தக் கோட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் உண்டு. சி-3 படம் 1024-க்கு 1024 பிக்சல். நாலரைக் கோடி கிலோமீட்டரை அதில் பங்கிட்டால் ஒரு பிக்சலின் அகலம் சுமார் 44,000 கிலோமீட்டர். மூன்று பூமிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலும் அந்த ஒற்றைப் பிக்சலுக்குள் அடங்கிவிடும். அப்படியானால் ஒரு கிலோமீட்டர் உட்கரு அதில் எப்படித் தெரியும்? தெரியவே தெரியாது. தெரிவதெல்லாம் அதிலிருந்து கிளம்பிய வாயுவும் தூசும்தான். பல லட்சம் கிலோமீட்டர் பரவிய தூசு சூரிய ஒளியைச் சிதறடிக்கிறது. அந்த வெளிச்சத்தைத்தான் நாம் 'வால்மீன்' என்று சுட்டுகிறோம். உட்கரு உயிரோடு இருக்கும்வரை இந்த வேறுபாடு பெரிதில்லை. அது உடைந்துபோன பிறகும் தூசு அதே பாதையில் அதே வேகத்தில் தொடர்ந்து போகும், பளிச்சென்று தெரியும் என்பதுதான் நவம்பர் 28 இரவின் சிக்கல்.

இப்போது படங்களுக்கு வருவோம். நவம்பர் 21 வாக்கில் ஐசான் ஸ்டீரியோ-ஏ என்ற சூரிய ஆய்வுக் கலத்தின் அகலப் பார்வைக் கேமராவில் நுழைந்தது. ஸ்டீரியோ அப்போது சூரியனுக்கு ஏறக்குறைய மறுபக்கத்தில் இருந்தது. அதனால் ஒரே படத்தில் பூமி, புதன், என்கே என்ற இன்னொரு வால்மீன், ஐசான் நான்கும் தெரிந்தன. சூரியக் காற்று வீச வீச, இரண்டு வால்மீன்களின் வால்களும் கொடி போல் அசைகின்றன. இந்தக் காட்சிக்காக மட்டுமே அந்தப் படத் தொடரை எத்தனை முறை வேண்டுமானாலும் பார்க்கலாம்.

நவம்பர் 27 அன்று அது சி-3-இன் வலது கீழ் மூலையில் நுழைந்தது. சூரியன் அப்போது விருச்சிக நட்சத்திரங்களின் நடுவே நின்றது. படத்தின் இடது கீழ்ப் பகுதியில் கேட்டை நட்சத்திரத்தைப் பார்க்கலாம். முதலில் ஐசான் நீண்ட வால் உள்ள ஒரு புள்ளி. படத்துக்குப் படம் அதன் தலை பருத்துக்கொண்டே வந்தது. சில மணி நேரத்தில் தலையின் இருபுறமும் அந்தக் கிடைமட்ட வெள்ளைக் கோடு நீண்டது. வியாழன் கோளுக்கு நிகரான பிரகாசம். பார்த்துக்கொண்டிருந்தவர்கள் மகிழ்ந்து போனார்கள். பட்டம் பொய்க்கவில்லை என்றே பலரும் நினைத்தார்கள்.

அடுத்து நடந்ததைத்தான் உன்னிப்பாகப் பார்க்க வேண்டும். சூரியனை நெருங்க நெருங்க இன்னும் பளிச்சிட வேண்டிய தலை, பல மணி நேரம் முன்பிருந்தே மங்க ஆரம்பித்தது. வெள்ளைக் கோடு குறுகி மறைந்தது. உருண்டையாக இருந்த முன்பக்கம் கூராகியது. சி-2 படங்களுக்குள் வந்தபோது அது தலையும் வாலும் கொண்ட வால்மீனாகத் தெரியவில்லை. முனையிலிருந்து அடிவரை ஒரே மாதிரி ஒளிரும் மெல்லிய ஊசியாகத் தெரிந்தது. ஒரு வால்மீனின் பிரகாசம் தலையில் குவிந்திருப்பதற்குக் காரணம், உட்கரு அங்கே புதிதாகத் தூசைக் கொட்டிக்கொண்டிருப்பது. தலை காணாமல் போகிறது என்றால் கொட்டுவது நிற்கிறது என்று பொருள். மறைதட்டுக்குப் பின்னால் போவதற்கு முன்பே, எல்லோர் கண் முன்னாலும், இந்தச் சான்று வந்துவிட்டது. ஆனால் எல்லோரும் காத்திருந்தது அண்மைப் புள்ளியின் அந்த நிமிடத்துக்காக.

அந்த நிமிடம் இந்திய நேரப்படி நள்ளிரவு தாண்டிக் கால் மணி அளவில் வந்தது. நாசாவின் சூரிய ஆய்வுக் கலமான எஸ்டிஓ தன் பார்வையை நகர்த்தி, ஐசான் கடக்க வேண்டிய இடத்தைப் புறஊதா ஒளியில் பார்த்தது. ஒன்றும் தெரியவில்லை. அதிர்ச்சிக்குக் காரணம் உண்டு. இரண்டு ஆண்டுக்கு முன், 2011 டிசம்பர் 16 அன்று, லவ்ஜாய் வால்மீன் சூரிய மேற்பரப்புக்கு 1,40,000 கிலோமீட்டர் உயரத்தில் பாய்ந்தது. ஆஸ்திரேலியாவின் டெரி லவ்ஜாய் 20 செ.மீ. தொலைநோக்கியில் கண்டுபிடித்தது அது. அழிந்துவிடும் என்றே எதிர்பார்த்தார்கள். எஸ்டிஓ படங்களில் அது சூரிய விளிம்புக்குப் பின்னால் போய், மறுபக்கம் முழுசாக வெளியே வந்தது. அதன் வால் கொரோனாவின் காந்தப் புலக் கோடுகளை ஒட்டி நெளிந்தது. கண்ணுக்குப் புலப்படாத அந்தப் புலத்தின் அமைப்பைக் கணிக்க ஆராய்ச்சியாளர்கள் அந்த நெளிவையே பயன்படுத்தினார்கள். லவ்ஜாயைக் காட்டிய கண்ணுக்கு ஐசான் ஏன் தெரியவில்லை?

'ஐசான் அப்போது இல்லை' என்று உடனே சொல்லிவிடலாம். அது பாதி விடைதான். லவ்ஜாய் எஸ்டிஓவில் ஒளிர்ந்தது தூசால் அல்ல. பனி ஆவியாகி, நீர் மூலக்கூறு உடைந்து, ஆக்சிஜன் அணுக்கள் கொரோனாவின் எலக்ட்ரான்களோடு மோதி ஒவ்வொரு எலக்ட்ரானாக இழக்கும்போது புறஊதா ஒளியை உமிழ்கின்றன. அதற்குச் சுற்றிலும் கொரோனா அடர்த்தியாக இருக்க வேண்டும். வால்மீன் போதுமான நீராவியையும் கொடுக்க வேண்டும். ஐசான் போன பாதை லவ்ஜாயின் பாதையைவிட எட்டு மடங்கு உயரத்தில் இருந்தது. அங்கே கொரோனா மெலிவு. பின்னர் நடந்த ஆய்வு, உட்கருவும் லவ்ஜாயினுடையதைவிடப் பல மடங்கு சிறியதாக இருந்திருக்க வேண்டும் என்று முடிவு செய்தது. ஆகவே எஸ்டிஓவின் வெற்றுப் படம் தனியே எதையும் நிரூபிக்கவில்லை. அன்றிரவு அதைப் பார்த்து மரணச் செய்தி எழுதியவர்களின் முடிவு சரி. அவர்கள் காட்டிய காரணம் போதாது.

பிறகுதான் அந்தத் திருப்பம். மறைதட்டின் மேல் விளிம்பிலிருந்து ஒரு மங்கலான கீற்று வெளியே வந்தது. முதலில் சி-2, அடுத்து சி-3. அதன் முனை கொஞ்சம் பிரகாசமாகவும் ஆனது. விசிறி போல இரண்டு கிளையாக விரிந்து, படத்தின் மேல் வலது பக்கமாக நகர்ந்தது. 'ஐசான் பிழைத்தது' என்று செய்தி பறந்தது. சிறு துண்டாவது மிஞ்சியிருக்கலாம் என்று வானியலாளர்களும் நம்பினார்கள். அந்த நம்பிக்கையை நான் குறை சொல்ல மாட்டேன். ஒரு நாள் முழுக்க அதையே பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு அப்படித்தான் தோன்றியிருக்கும்.

உண்மையை அவிழ்த்தது சோஹோவிலேயே இருந்த இன்னொரு கருவி. சுமர் என்ற அந்த நிறமாலைமானியை ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் சூரியக் குடும்ப ஆய்வு நிறுவனம் இயக்கியது. அண்மைப் புள்ளியை ஒட்டிய நிமிடங்களில் அது ஐசானின் வாலைப் புறஊதாவில் பதிவு செய்தது. கிடைத்தது சற்றே வளைந்த, கூர்மையான ஒரு வால். அதன் முனையில் உட்கருவைச் சூழ்ந்திருக்க வேண்டிய வாயுவின் அடையாளம் இல்லை. எந்த நேரத்தில் எவ்வளவு தூசு கிளம்பியிருந்தால் வால் இந்த வடிவம் எடுக்கும் என்று கணினியில் பின்னோக்கிக் கணக்கிட்டார்கள். விடை தெளிவாக வந்தது. அண்மைப் புள்ளிக்கு எட்டரை மணி நேரம் முன்பு ஒரு பெரும் வெடிப்பு. பதினோராயிரம் டன்னுக்கும் மேல் தூசு வெளியேறியது. அடுத்த சில மணி நேரத்தில் வரத்து அடியோடு நின்றுவிட்டது. சூரியனுக்கு மிக அருகே போனபோது அங்கே இயங்கும் வால்மீன் எதுவும் இல்லை.

அப்படியானால் மறுபக்கம் வந்தது? வால்மீன் உதிர்த்த ஒவ்வொரு தூசியும் அந்தக் கணத்திலிருந்து தனக்கென்று ஒரு பாதையில் சூரியனைச் சுற்றும். மாவு போன்ற நுண்துகளைச் சூரிய ஒளியின் அழுத்தமே வெளியே தள்ளிவிடும். மணல் போன்ற பெரிய துகள்கள் உட்கருவின் பாதையை ஏறக்குறைய ஒட்டியே போகும். நெருப்புக்கு மிக அருகில் சென்றவற்றில் நுண்ணியவை ஆவியாகும், பெரியவை தப்பும். தப்பியவை சூரியனைச் சுற்றி வந்து, அளவுக்கேற்ப விலகி, விசிறியாக விரியும். விசிறியின் விளிம்பு எந்த நேரத்தில் வெளியேறிய தூசைக் காட்டுகிறது என்று கணக்கிட்டபோது, அதுவும் அண்மைப் புள்ளிக்குச் சில மணி நேரம் முன்போடு முடிந்துவிட்டது. அதற்குப் பின் கிளம்பிய தூசு இல்லை. 'உயிர்த்தெழுந்தது' என்று உலகம் பார்த்தது, பல மணி நேரம் முன்பே உடைந்துபோன வால்மீனின் பழைய தூசு.

டிசம்பர் 1 வாக்கில் அந்த விசிறி கொரோனாவின் மங்கலோடு கரைந்தது. டிசம்பர் 18 அன்று ஹபிள் தொலைநோக்கி, ஐசான் இருக்க வேண்டிய இடத்தைப் பார்த்தது. துண்டு எதுவும் தென்படவில்லை. லாஸ்கோ படங்களில் சூரியனை உரசும் வால்மீன்களை ஆண்டாண்டாகக் கவனித்துவரும் கார்ல் பாட்டம்ஸ், ஐசானுக்கு வயது 450 கோடி ஆண்டு என்று குறிப்பிட்டு ஓர் இரங்கல் குறிப்பே எழுதினார். லவ்ஜாய்க்கும் நீண்ட ஆயுள் கிடைக்கவில்லை. வெற்றிகரமாக வெளியே வந்து இரண்டொரு நாளில் அதன் உட்கருவும் நொறுங்கியது. தலையில்லாத அந்த நீண்ட வாலைத்தான் 2011 கிறிஸ்துமஸை ஒட்டித் தென்கோளத்து மக்கள் விடியற்காலையில் வெறும் கண்ணால் கண்டு வியந்தார்கள். சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து டான் பர்பாங்க் எடுத்த புகழ்பெற்ற படமும் அதுதான்.

ஐசான் தோல்வி என்று எழுதியவர்கள் உண்டு. எனக்கு அது ஒப்பவில்லை. மாலை வானில் நிலவுக்குப் போட்டியாக நின்றிருந்தால் மறக்க முடியாத காட்சிதான். ஆனால் முதன்முறையாக உள்ளே வந்த ஒரு வால்மீன் எந்த மணியில் தடுமாறியது, எந்த மணியில் நின்றது என்று இவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடிந்தது அது உடைந்ததால்தான். அதைச் சொல்ல ஒரே படம் போதவில்லை. கண்ணுக்குத் தெரியும் ஒளி தூசைக் காட்டியது. எஸ்டிஓவின் புறஊதா, அங்கே ஒளிரப் போதுமான நீராவி இல்லை என்ற குறிப்பைத் தந்தது. சுமர் வாலின் வடிவத்தைக் கொடுத்தது. ஸ்டீரியோ வேறொரு கோணத்தைக் கொடுத்தது.

இந்தப் படங்களைப் பார்க்க நிபுணராக இருக்க வேண்டியதில்லை. சோஹோ படங்களில் கண்டுபிடிக்கப்பட்ட வால்மீன்களின் எண்ணிக்கை 2024 மார்ச்சில் ஐயாயிரத்தைத் தொட்டது. அவற்றில் மிகப் பெரும்பாலானவை வீட்டில் கணினி முன் உட்கார்ந்து படங்களைத் துழாவிய ஆர்வலர்களுக்குக் கிடைத்தவை. 2015-இல் கண்டறியப்பட்ட மூவாயிரமாவது வால்மீன் தாய்லாந்தைச் சேர்ந்த ஓர் ஆர்வலருடையது. பெரும்பாலானவை லவ்ஜாயைப் போலவே க்ரூட்ஸ் என்ற, சூரியனை உரசும் வால்மீன் குடும்பத்தின் சிறு துண்டுகள், சில மீட்டர்களிலிருந்து சில பத்து மீட்டர்கள் வரை. சூரியனை நெருங்கியதும் மங்கி மறைந்துவிடும்.

லாஸ்கோ படங்களின் முழுத் தொகுப்பும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஆரம்பிக்க விரும்புபவர் 2013 நவம்பர் 27 முதல் 30 வரையிலான சி-3 படங்களை எடுத்துக்கொள்ளுங்கள். வேகமாக ஓட்டாதீர்கள். ஒவ்வொரு படமாக நகர்த்தி, தலையின் இருபுறமும் நீளும் அந்த வெள்ளைக் கோடு எந்தப் படத்தில் குறையத் தொடங்குகிறது என்று நீங்களே குறித்துக்கொள்ளுங்கள். பிறகு வேறொரு மாதத்துப் படங்களைத் திறந்து, நட்சத்திரங்களோடு சேராமல், தொடர்ந்து ஐந்தாறு படங்களில் ஒரே திசையில் சீராகச் சூரியனை நோக்கி நகரும் புள்ளி ஏதாவது இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.